பாளயத்தில் பேசப்பட்ட மூன்று விடைகள்

தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சில் 'சோதனை' என்னும் சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வேலை போவதும், பிள்ளை நோயில் படுப்பதும், குடியிருந்த அறையைக் காலி செய்யச் சொல்வதும் சோதனைதான். கடைக் கல்லாவில் கைவைக்கத் தோன்றுவதும், விட்டுவிட்ட குடியை ஒருமுறை மட்டும் தொட்டுப் பார்க்கலாம் என்று மனம் நச்சரிப்பதும் சோதனைதான். வெளியிலிருந்து வந்து மோதும் துன்பத்துக்கும் உள்ளிருந்து எழுந்து இழுக்கும் ஆசைக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் இருக்க, தமிழ் வேதாகமம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியிருப்பது மொழிபெயர்ப்பாளர்களின் சொல்வறுமையால் நேர்ந்ததன்று. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் 'பெய்ரஸ்மோஸ்' என்ற ஒரே சொல்தான் இரண்டையும் குறிக்கிறது. ஒரு பொருள் மெய்யா போலியா என்று பரிசோதித்துப் பார்ப்பதே அதன் அடிப்படைப் பொருள். அடி விழும்போதும் ஆசை இழுக்கும்போதும் வெளிப்படுவது ஒன்றே, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்பதே, என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இந்தச் சொல் இன்றளவும் சர்ச்சைக்குரியது. இயேசு கற்பித்த ஜெபத்தில், கடவுள் மனிதரைச் சோதனைக்குள் நடத்துவதுபோல் ஒலிக்கும் வரியைப் பற்றிப் போப் பிரான்சிஸ் 2017இல் வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். பிரெஞ்சுக் கத்தோலிக்கர் அவ்வாண்டின் இறுதியிலும், இத்தாலியர் 2020இலும் அந்த வரியை மாற்றி வழிபாட்டில் சொல்லத் தொடங்கினர். இதன் பின்னணியில் நிற்பது யாக்கோபின் நிருபம். கடவுள் எவரையும் தீமையினால் சோதிப்பதில்லை, அவரவர் இச்சையே அவரவரை இழுக்கிறது என்று வாதிடும் அந்த ஆசிரியர், அதை விளக்க மீன்பிடித் தொழிலின் சொல்லைக் கையாள்கிறார்: அவர் பயன்படுத்தும் கிரேக்க வினை, இரை காட்டிப் பிடிப்பதைக் குறிப்பது. இரையில் மயங்கிய மீன் தானாகத்தான் தூண்டிலை நோக்கி வருகிறது. யாரும் அதைத் தள்ளிவிடுவதில்லை.

மும்பையின் கிழக்கு ஓரத்தில், டிராம்பே பகுதியில், கோலி மீனவர்களின் பழைய குடியிருப்புக்கும் கடற்கழிக்கும் அருகே அமைந்த சீத்தா கேம்ப்பில் இந்த உவமைக்குப் பொழிப்புரை தேவைப்படாது. தமிழ் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்த கதவுகளில் வாழும் அந்தக் குடியிருப்பு, பலரும் தேர்ந்தெடுத்து வந்த இடமன்று. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் வாழ்ந்த ஏறத்தாழ 70,000 பேர், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில் அங்கிருந்து அகற்றப்பட்டுச் சதுப்பான இந்த நிலத்தில் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். அந்த ஜனதா காலனியே, நகரின் வேறு இடங்களிலிருந்து முன்னர் வெளியேற்றப்பட்டவர்களுக்காக ஒதுக்கப்பட்ட இடந்தான். ஆகவே பல குடும்பங்களுக்கு இது இரண்டாவது பெயர்வு. அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியவர், கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பின்னர் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பை வளர்த்து, 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018இல் மறைந்த ஜோக்கின் அற்புதம். வழக்கிலும் போராட்டத்திலும் மக்கள் தோற்றனர். ஆனால் இறங்கிய இடத்தில் ஊர் ஒன்று உருவானது. பெயரில் மட்டும் 'கேம்ப்' ஒட்டிக்கொண்டது.

கேம்ப் என்பதற்குத் தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் சொல் 'பாளயம்'. எகிப்தில் அடிமைகளாயிருந்து வெளியேறிய இஸ்ரவேலர், வனாந்தரத்தில் நாற்பது ஆண்டுகள் கூடாரம் அடித்தும் பெயர்த்தும் அலைந்த காலம் முழுவதும் அவர்களுடைய ஊரின் பெயர் அதுதான். வேதவசனத்தைக் கொண்டு சோதனையை எதிர்கொள்வது என்ற கிறிஸ்தவ மரபின் வேரைத் தேடிப் போகிறவர் வந்து சேரும் இடமும் அந்தப் பாளயமே. மேடைகளில் இந்தப் பொருள் பேசப்படும்போது பெரும்பாலும் வசனம் ஓர் ஆயுதமாக, எடுத்து வீசினால் எதிரி ஓடும் பொருளாகக் காட்டப்படுகிறது. ஆனால் வேதாகமமே காட்டும் முறையில் வசனம் முதலில் ஒரு நினைவு, அதுவும் ஒரு கூட்டத்தின் நினைவு.

இதற்கு ஆதாரம் அனைவரும் அறிந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது. யோர்தானில் திருமுழுக்குப் பெற்ற இயேசு நாற்பது நாள் உபவாசம் இருந்து பசித்திருக்கையில், சாத்தான் மூன்று முறை அவரை அணுகுவதாக மத்தேயு நான்காம் அதிகாரமும் லூக்கா நான்காம் அதிகாரமும் விவரிக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆண்டுதோறும் வாசிக்கப்படுவது இந்த நிகழ்ச்சிதான்; சீர்திருத்தச் சபைகள் லெந்து நாட்கள் என்று அழைக்கும் நாற்பது நாள் நோன்பின் எண்ணிக்கையும் இதனோடு இணைத்தே சொல்லப்படுகிறது. கல்லை அப்பமாக்கு என்பது முதல் அழைப்பு. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்துக் காட்டு என்பது மத்தேயுவின் வரிசையில் இரண்டாவது. தன்னை ஒருமுறை வணங்கினால் உலக ராஜ்யங்கள் அனைத்தும் கிடைக்கும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் இயேசு சொந்த வாதம் எதையும் முன்வைக்காமல், எழுதியிருப்பதை எடுத்துச் சொல்கிறார்.

அவர் எடுத்துச் சொல்லும் மூன்று விடைகளும் ஒரே நூலிலிருந்து, அதிலும் அடுத்தடுத்த சில பக்கங்களுக்குள்ளிருந்து வருகின்றன என்பதைப் பல வாசகர்கள் கவனிப்பதில்லை. அந்த நூல் மோசேயின் ஐந்து நூல்களில் கடைசியானது. சீர்திருத்தச் சபையார் உபாகமம் என்றும், கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் இணைச்சட்டம் என்றும் அழைக்கும் நூல். முதல் விடை அதன் எட்டாம் அதிகாரத்திலிருந்தும், மற்ற இரண்டும் ஆறாம் அதிகாரத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. வாக்களிக்கப்பட்ட நாட்டின் எல்லையில், மோவாப் சமவெளியில், இனிக் கூடாரம் பெயர்க்க வேண்டியதில்லை என்ற நிலையில் நிற்கும் மக்களிடம் முதியவரான மோசே ஆற்றும் உரைகளாக அந்நூல் அமைந்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் எகிப்தை அறியாதவர்கள்; பாளயத்தில் பிறந்து வளர்ந்த அடுத்த தலைமுறையினர். அவர்களிடம் மோசே திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான்: மறந்துவிடாதீர்கள்.

எட்டாம் அதிகாரம் சொல்லும் கணக்கு இது. நாற்பது ஆண்டுகள் நடக்க வைத்தது மக்களின் இருதயத்தில் இருப்பதை அறிவதற்காக. பசிக்க விட்டு, பின்பு அவர்களும் அவர்கள் முன்னோரும் அறியாத மன்னாவைக் கொடுத்தது, மனிதரை வாழவைப்பது சோறு மட்டுமன்று என்பதை உணர்த்துவதற்காக. இத்தனை ஆண்டுகளில் உடுத்திய துணி கிழியவில்லை, நடந்த கால் வீங்கவில்லை. இயேசு அப்பத்தைப் பற்றிய சோதனைக்குச் சொன்ன விடை இந்தக் கணக்கின் நடுவிலிருந்து உருவி எடுத்த ஒரு தொடர். அதை மட்டும் தனியே கேட்டால், உணவைவிட ஆன்மிகம் உயர்ந்தது என்ற பொதுவான அறிவுரையாக, வயிறு நிறைந்தவர் பசித்தவருக்குச் சொல்லும் சொல்லாகவே ஒலிக்கும். இடத்தோடு சேர்த்துக் கேட்டால், பசித்திருந்தவர்களுக்கு உணவு கிடைத்த கதையின் ஒரு பகுதி அது என்பது விளங்கும். பசித்தவர் ஒருவர், முன்பு பசித்திருந்த தம் மக்களை நினைத்துப் பேசுகிறார்.

இரண்டாம் விடையின் பின்னால் இருப்பது தண்ணீர். ஆண்டவரைச் சோதிக்கக்கூடாது என்னும் கட்டளையை ஆறாம் அதிகாரம் சொல்லும்போது, மாசா என்ற இடத்தில் நடந்ததைப் பெயர் சொல்லிச் சுட்டுகிறது. யாத்திராகமம் பதினேழாம் அதிகாரத்தின்படி, குடிக்கத் தண்ணீரில்லாமல் மக்கள் மோசேயோடு சண்டையிட்டு, கடவுள் நம் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்று கேட்ட இடம் அது. மாசா என்ற எபிரெயப் பெயருக்கே சோதனை என்றுதான் பொருள். நடு இரவில் எழுந்து குழாயடியில் குடத்தை வரிசைப்படுத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு, அந்த மக்கள் ஏன் அப்படிக் கேட்டார்கள் என்பது எளிதில் விளங்கும். அவர்களை முணுமுணுப்பவர்கள் என்று பிரசங்கங்களில் கண்டிப்பது அவ்வளவு எளிதாக இருக்காது. கடவுளை மட்டுமே வணங்கச் சொல்லும் மூன்றாம் விடையோ, தாங்கள் நிரப்பாத வீடுகளிலும் தாங்கள் வெட்டாத கிணறுகளின் அருகிலும் குடியேறி, தின்று திருப்தியாகும் நாளில் தங்களை அடிமை வீட்டிலிருந்து கொண்டுவந்தவரை மறந்துவிட வேண்டாம் என்ற எச்சரிக்கையை அடுத்து வருவது. உபாகமத்தின் பார்வையில் மிகப் பெரிய சோதனை வனாந்தரத்துப் பட்டினியன்று. அதற்குப் பிறகு வரும் நல்ல வீடு. தகரத் தடுப்பு செங்கல் சுவராகி, சுவர் மாடியாகும் காலத்தில் வருகிற மறதியை அந்நூல் முன்னதாகவே அஞ்சுகிறது.

மத்தேயுவின் காட்சியில் இன்னொரு பாத்திரமும் வசனம் சொல்கிறது. ஆலய உச்சியில் நின்று சாத்தான் எடுத்துக்காட்டுவது, தேவதூதர்கள் கல்லில் இடறாதபடி தாங்கிக்கொள்வார்கள் என்று உறுதி தரும் தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தின் பகுதி. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இந்தச் சங்கீதத்தைவிடப் பிரியமானவை சிலவே இருக்கும்: சுவரில் சட்டமிட்டு மாட்டப்படுவதும், பயணம் புறப்படுமுன் சொல்லப்படுவதும், கொள்ளைநோயைக் குறிப்பிடுவதால் கொரோனாக் காலத்தில் உலகெங்கும் கைபேசி வழியே பரவியதும் இதுவே. அதன் வரலாறும் நீண்டது. சாக்கடலருகே கும்ரானின் பதினோராம் குகையில் கிடைத்த சுருள் ஒன்று, பேயோட்டும் பாடல்களோடு இந்தச் சங்கீதத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது. எகிப்திலும் பிற இடங்களிலும் கிடைத்த பழங்காலக் கிறிஸ்தவத் தாயத்துகளில் அடிக்கடி எழுதப்பட்டிருப்பதும் இதன் தொடக்கமே. காப்பாகப் பயன்பட்ட இந்தப் பாட்டைத்தான் சோதிக்கிறவன் கையில் எடுக்கிறான்.

அவன் அதைச் சொல்லும் விதத்தையும் கவனிக்க வேண்டும். சங்கீதத்தில் தூதர்களின் காவல் மனிதன் நடக்கும் வழிகளில் எல்லாம் என்று வருகிறது. சாத்தானின் எடுத்துக்காட்டில் வழிகளைப் பற்றிய சொற்கள் இல்லை. வழியில் நடப்பவனுக்குத் தரப்பட்ட வாக்கை, வழியே இல்லாத இடத்தில் குதிப்பவனுக்கு உரியதாக்குகிறது அந்த வெட்டு. மேலும், மேற்கோள் நிற்கும் இடத்துக்கு அடுத்த அடியிலேயே பாம்பை மிதிப்பது பற்றிச் சங்கீதம் பேசுகிறது. அதைச் சொல்லாமல் விட்டதில் அவனுக்கு ஆதாயம் உண்டு என்று சற்றே குறும்பாகச் சொல்லலாம். வசனம் தெரிந்திருப்பதே பாதுகாப்பு என்றால், அந்தக் காட்சியில் இருவரும் சமபலத்தில் நிற்கிறார்கள். அவர்களைப் பிரிப்பது, ஒருவர் தொடரை அது பிறந்த கதையோடு நினைக்கிறார், மற்றவர் தொடரை மட்டும் கத்தரித்துக் காட்டுகிறார் என்பதே.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும், ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டிய பாதி வசனமும், நாளுக்கொரு வரி தரும் சுவர்நாட்காட்டியும் இந்த இடத்தில் சங்கடத்தை உண்டாக்கவே செய்யும். அவற்றை ஏளனம் செய்வது நியாயமன்று. படிக்க நேரமும் வெளிச்சமும் இல்லாத வாழ்க்கையில் ஒரு வரி ஒரு நாளைத் தாங்கிப் பிடிப்பது உண்மை. உபாகமமே வார்த்தைகளைக் கையில் கட்டவும் வாசல் நிலைகளில் எழுதவும் சொல்கிறது, அதன்படி யூதர்கள் இன்றும் கதவுநிலையில் சிறு தோல்சுருளைப் பொருத்துகிறார்கள். ஆனால் சீட்டு எடுப்பதுபோல் எடுத்த வரி, இந்த ஆண்டு வீடு வாங்குவாய், கடன் தீரும் என்பதற்கான உத்தரவாதமாக வாசிக்கப்படும்போது, குதித்துப் பார், தாங்குவார் என்ற அழைப்போடு அதற்குள்ள தூரம் மிகக் குறைவு. காணிக்கை போட்டால் செல்வம் பெருகும் என்னும் செழிப்பு உபதேசம் வசனமில்லாமல் பேசுவதில்லை. வசனம் நிறையவே பேசுகிறது.

காப்புக்காக வேதத்தை ஓதுவது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. சீத்தா கேம்ப்பில் அடுத்த வீட்டிலிருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தில், உள்ளத்தில் தீமையை ஊதுகிற குரலை 'வஸ்வாஸ்' என்றும் 'ஊசாட்டம்' என்றும் சொல்வார்கள். அதிலிருந்து பாதுகாவல் தேடும் குர்ஆனின் கடைசி அத்தியாயத்தைச் சிறு பிள்ளைகளும் மனப்பாடமாக அறிந்திருப்பர். எண்ணமாகத்தான் சோதனை முதலில் வருகிறது என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

அந்த எண்ணத்தை எப்படி எதிர்கொள்வது என்பதைக் கிறிஸ்தவ மரபில் மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்னும் துறவி. கான்ஸ்டான்டினோப்பிளில் புகழ்பெற்ற பேச்சாளராக இருந்தவர். மணமான ஒரு பெண்ணின் மீது கொண்ட காதலிலிருந்து தப்பியோடி, எருசலேம் வழியாக எகிப்தை அடைந்து, 399இல் இறக்கும்வரை அங்கேயே தங்கியவர். மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களைப் பெருந்தீனி, காமம், பண ஆசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, செருக்கு என எட்டாக வகுத்தவர் அவரே. பிற்காலத்தில் ஏழு தலையான பாவங்கள் என்று ஞானோபதேசப் புத்தகங்களில் இடம்பெற்ற பட்டியல் இதிலிருந்து கிளைத்தது. எதிர்த்துப் பேசுதல் என்னும் பொருள்பட 'அன்டிரெட்டிகோஸ்' என்று அவர் தொகுத்த நூல், எட்டு எண்ணங்களுக்கு எட்டுப் பகுதிகளாக, ஏறக்குறைய ஐந்நூறு வேத வசனங்களைத் தருகிறது. கிரேக்க மூலம் அழிந்துபோக, சீரியம் முதலிய மொழியாக்கங்களின் வழியாகவே அது பிழைத்தது.

இந்நூலின் அமைப்பு வியப்புக்குரியது. ஒவ்வொரு பதிவும் முதலில் எண்ணத்தைத் துல்லியமாக விவரித்து, பின்பே வசனத்தைக் கொடுக்கிறது. பண ஆசையைப் பொதுவாகக் கண்டிப்பதில்லை. முதுமையில் கைவேலை செய்ய இயலாமல் போனால் என்னாவது என்ற அச்சமாகவும், பிறரிடம் உதவி பெற நேரும் அவமானமாகவும் அது எப்படி நல்ல முகம் காட்டி நுழைகிறது என்பதை இந்த மரபு பிரித்துக் காட்டுகிறது. எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அது தங்குவதா இல்லையா என்பதே நம் கையில் இருக்கிறது என்பது எவாக்ரியுஸின் உறுதியான கருத்து. ஆகவே தீய எண்ணம் தோன்றியதற்காகக் குற்றவுணர்வில் புழுங்குவதை அவர் ஊக்குவிக்கவில்லை. நோயைப் பெயரிட்டு அறிந்த பிறகே மருந்து. எந்த எண்ணம் என்று தெரியாமல் எந்த வசனத்தையும் எடுத்து வீசுவது அவருடைய முறையன்று.

எட்டில் அவர் மிகக் கொடியதாகக் கருதியது சலிப்பு. சூரியன் நகராததுபோல் தோன்றி, துறவி சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்து, வேறு இடம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணத் தொடங்கும் நிலையை அவர் நண்பகல் பேய் என்று அழைத்தார். அந்தப் பெயர் அவருடைய கற்பனையன்று. தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் வருவது. உச்சிவேளையில் பேய் உலவும் என்று தென்மாவட்டப் பாட்டிமார் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைப்பதை அறிந்த தமிழருக்கு இது புதிதாக இராது. இன்றைய சன்னல் கைக்குள் அடங்கும் அளவில் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

எவாக்ரியுஸின் வழிவந்த காசியன் ஐந்தாம் நூற்றாண்டில் இதை மேற்கே கொண்டுசென்றபோது, ஐந்நூறு வசனங்களை நினைவில் வைக்க இயலாத சாதாரணத் துறவிக்கு ஒன்றே ஒன்றைப் பரிந்துரைத்தார்: தன்னை விடுவிக்க விரைந்து வருமாறு கடவுளை அழைக்கும் எழுபதாம் சங்கீதத்தின் தொடக்கம். உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் வேலையின் நடுவிலும் அதையே சொல்லச் சொன்னார். கத்தோலிக்கர் நாளின் குறித்த வேளைகளில் சொல்லும் மன்றாட்டு இன்றும் அந்த வரியுடன்தான் தொடங்குகிறது. கவனித்தால், அது எதிரியை நோக்கிய சவாலன்று. உதவி கேட்கும் கூப்பாடு.

நினைவில் வைப்பதற்கான ஏற்பாட்டை வேதாகமம் தனக்குள்ளேயே செய்து வைத்திருக்கிறது. பாவம் செய்யாதபடி வார்த்தையை இருதயத்தில் பத்திரப்படுத்துவதாகச் சொல்லும் 119ஆம் சங்கீதம், எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனம் என்ற கணக்கில் 176 வசனங்களால் ஆனது. ஆத்திசூடியை அகர வரிசையில் மனப்பாடம் செய்த தமிழ்ப் பிள்ளைக்கு இந்த உத்தியின் பயன் சொல்லாமலே விளங்கும்: அடுத்த எழுத்து அடுத்த வரியை இழுத்து வரும். 1715இல் சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்த பிறகும், நெடுங்காலம் பெரும்பாலான தமிழ்க் கிறிஸ்தவர்கள் வேதத்தைப் படித்து அறிந்ததைவிடக் கேட்டு அறிந்ததே மிகுதி. ஞாயிறு பள்ளியின் மனப்பாட வசனமும், மாலைக் குடும்ப ஜெபமும், கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியும் அந்தக் காதுவழிக் கல்வியின் தொடர்ச்சி.

தமிழில் இந்தப் போராட்டத்துக்குக் காப்பிய உருவம் தந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. திருநெல்வேலிச் சீமையில் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரான அவர், பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்த ஜான் பனியன் எழுதிய மோட்ச பிரயாணத்தைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டார். பனியனின் கதையில் பயணி, தாழ்மையின் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்னும் அரக்கனோடு மோதுகையில் வாள் கைநழுவி விழுகிறது. மீண்டும் எட்டி அதைப் பற்றும்போது அவன் வாயில் வருவது வேத வார்த்தை. பின்னொரு கட்டத்தில் சந்தேகக் கோட்டையில் அடைபட்ட அவன், நாட்கணக்கில் வதைபட்ட பிறகே, வாக்குத்தத்தம் என்னும் சாவி தன் மார்புக்குள்ளேயே இருந்ததை நினைவுகூர்கிறான். வாள் காட்சியைவிட இந்தச் சாவிக் காட்சி நுட்பமானது. சாவி வெளியிலிருந்து வரவில்லை, மறந்து போயிருந்தது.

புலன்களை அடக்குவதையும் அவா அறுத்தலையும் திருக்குறளில் பயின்ற தமிழ் மனத்துக்கு, ஆசையை எதிர்ப்பது என்றால் தனிமனிதர் தம்மைத் தாமே வெல்லும் முயற்சியாகத் தோன்றுவது இயல்பு. மேற்சொன்ன மரபில் அந்த முயற்சிக்கு இடமுண்டு, ஆனால் தொடக்கம் அதுவன்று. கொரிந்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில், தாங்கக்கூடாத சோதனை வராது, தப்பிக்கும் வழியும் உண்டாக்கப்படும் என்ற புகழ்பெற்ற ஆறுதல் வருகிறது. மனப்பாடப் பட்டியல்கள் பலவற்றில் அது இடம்பெறும். அங்கும் அதற்கு முன்னுள்ள பன்னிரண்டு வசனங்கள், கடலைக் கடந்து மன்னா உண்ட பின்னும் வழியில் விழுந்துபோன அதே வனாந்தரத்து மக்களைப் பற்றியவை. பவுல் அந்த ஆறுதலைச் சொல்வது தனியொருவருக்கு அன்று. ஒன்றாக அப்பம் பிட்கும் ஒரு கூட்டத்துக்கு.

இந்தக் கூட்டு நினைவு தளரும் இடத்தில் வசனத்தின் மீது அளவுக்கு மீறிய பாரம் ஏற்றப்படுகிறது. குடிநோய்க்கும் சூதாட்ட வெறிக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவமும் ஆலோசனையும் தேவைப்படும்போது, விசுவாசம் போதாததால்தான் விடுபட முடியவில்லை என்று நோயாளியிடம் சொல்வது கொடுமை. கந்துவட்டியில் சிக்கியவரிடம் பண ஆசையைப் பற்றிய வசனத்தைச் சொல்வதைவிட, வட்டியில்லாமல் கடன் தருவதைப் பற்றி உபாகமம் விதித்திருப்பதைச் சபையே வாசித்துச் செயல்படுத்துவது வேதத்துக்கு நெருக்கமானது. பசித்தவரின் முன் கல்லையும் அப்பத்தையும் வைத்துப் பேசும் எவரும், மத்தேயுவின் காட்சி எப்படி முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சாத்தான் போன பிறகு தூதர்கள் வந்து இயேசுவுக்குப் பணிவிடை செய்கிறார்கள். லூக்காவின் முடிவு இன்னும் எச்சரிக்கையானது. அங்கே சாத்தான் தோற்று ஓடுவதில்லை. வேறொரு தருணம் வரும்வரை விலகியிருக்கிறான்.

ஜனதா காலனியைக் கண்ணால் கண்டவர்கள் முதுமையடைந்துவிட்டனர். சீத்தா கேம்ப்பிலேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அதைத் தவிர வேறு ஊர் அறியாதவர்களே இன்று அங்கு மிகுதி. மோவாப் சமவெளியில் மோசேயின் எதிரே நின்றவர்களின் நிலையும் இதுவே. அவர்களுக்கென்று உபாகமத்தின் இருபத்தாறாம் அதிகாரம் ஒரு சடங்கை விதிக்கிறது. சொந்த நிலத்தில் முதல் விளைச்சலை எடுத்தவன் அதைக் கூடையில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கொடுத்துவிட்டு வாய்மூடிப் போகக்கூடாது. தன் தகப்பன் அலைந்து திரிந்தவன் என்று தொடங்கி, சிறு கூட்டமாய் அந்நிய நாட்டில் பிழைக்கப் போனது, அங்கே ஒடுக்கப்பட்டது, கடவுளைக் கூப்பிட்டது, வெளியே கொண்டுவரப்பட்டது அனைத்தையும் கூடையை வைத்த இடத்தில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகு, நிலமில்லாத லேவியனோடும் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனோடும் சேர்ந்து உட்கார்ந்து அதை அனுபவிக்க வேண்டும்.